ஏலக்காய் ஜீப்பில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளன்

எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் நான் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, 'நான் ஒரு வெற்றியாளன்' என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஆள். எங்கள் வீட்டில் இருந்தது ரசம் போன கண்ணாடி. அதிலும் என் வாய் தெரியவேண்டிய இடத்தில்தான் சரியாக ரசம் போயிருந்தது. ஆகவே வெற்றியாளன் என்று சொன்னவன் யார் என்பது கடைசிவரை எனக்கே உறுதியாகவில்லை. கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும் அம்மா, "ஏலே, யாருகிட்ட பேசிக்கிருக்க? ஆள் வந்திருந்தா உள்ள கூப்பிட வேண்டியதுதான?" என்பாள்.

இந்த வியாதி எனக்குத் தேனியில் ஒட்டிக்கொண்டது. 2006-இல் கோயம்புத்தூரில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மில்லை மூடிவிட்டார்கள். பி.காம். படிப்பில் வேறு சில பேப்பர்கள் பாக்கி. சொந்த ஊரான கோம்பைக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் போலவே திரும்பி வந்த நாலைந்து பேரோடு உட்கார்ந்து, யார் யாருக்கு வேலை கிடைக்கவில்லை என்ற செய்தியைப் பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'ஒரே நாளில் புதிய நீங்கள்' என்று பயிற்சி வகுப்பு போட்டார்கள். மின்விசிறி ஓடாத அந்த மண்டபத்தில் கோட்டு சூட்டோடு நின்ற பயிற்சியாளர், தோல்வி என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது, தள்ளிப்போன வெற்றிதான் உண்டு என்றார். அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு ஏகப்பட்ட வெற்றிகள் தள்ளிப்போயிருந்தன. புல்லரித்துப்போய் ஊர் வந்து சேர்ந்தேன்.

அன்றிலிருந்து டீக்கடையில் நான் கேட்பவனாக இல்லை, பேசுபவனாகிவிட்டேன். எங்கள் செட்டில் எல்லோரும் சும்மா வேலையில்லாமல் இருந்தார்கள். நான் ஒருவன் மட்டும் தன்னம்பிக்கையோடு வேலையில்லாமல் இருந்தேன். டீக்கடைக்காரர் என் தலையைக் கண்டதும் ரேடியோவைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தார். அதையும் என் வளர்ச்சியைப் பொறுக்காதவர்களின் செயல் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் மூட்டுக் காய்ச்சல் வந்தது. சிக்குன்குனியா என்று பேப்பரில் போட்டார்கள். பெயரைச் சொல்லப் பழகுவதற்குள் தெருவில் பாதிப்பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். காய்ச்சல் நாலைந்து நாளில் போய்விடும், வலி போகாது. எங்கள் வீட்டில் அது அம்மாவைப் பிடித்தது. கை மடங்கவில்லை, முழங்கால் நீளவில்லை. வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவள்தான். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே காலமாகிவிட்டார். நான் வெற்றியாளன் என்பதால் சம்பாத்தியம் எதுவும் இல்லை.

அம்மா வேலைக்குப் போனது ஜீப்பில். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் தெருத்தெருவாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, எல்லையைத் தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து போடும். ஜீப்பில் ஓர் இடம் என்பது வீடு, நிலம் மாதிரி ஒரு சொத்து. இன்ன ஆளுக்கு இன்ன மூலை என்று வருஷக்கணக்காக இருக்கும். சேர்ந்தாற்போல நாலு நாள் வரவில்லை என்றால் டிரைவர் அந்த இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார், அதோடு அது அவர்களுடையது. அதே வீட்டிலிருந்து இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் மட்டும் இடம் நிற்கும்.

எங்கள் வீட்டில் இன்னொருவர் என்றால் தங்கச்சி. உத்தமபாளையத்தில் கல்லூரியில் கடைசி வருஷம். அம்மா படுத்த மூன்றாம் நாள் சாயங்காலம் டிரைவர் அண்ணன் வாசலில் வந்து நின்று, "ஆத்தா, நாளைக்கு யாராச்சும் வந்தாகணும். ஆளுக கேட்டுக்கிட்டு நிக்கிறாக" என்றார். அம்மா கூரையைப் பார்த்தாள். தங்கச்சி புத்தகத்தை மூடி, "நான் போறேன். காலேஜ அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள், ஏதோ கறிவேப்பிலை வாங்கப்போகிற மாதிரி.

காலேஜை ஒரு வருஷம் விட்ட பெண் திரும்பக் காலேஜுக்குப் போன கதை எங்கள் தெருவில் கிடையாது. அது எனக்கே தெரிந்திருந்தது.

"நான் போறேன்" என்றேன்.

அம்மா சிரித்தாள். காய்ச்சல் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்ததில் விலா வலித்து, "யம்மா" என்று முனகி, மறுபடி என் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தாள்.

"அது பொம்பளையாளு ஜீப்புப்பா" என்றார் டிரைவர். "காய் எடுக்குறது பொம்பளையாளு வேல. ஆம்பளையாளு மருந்தடிக்கத்தான் போவாக. அந்த ஜீப்புல எடமே கெடையாது."

"ஆணென்ன, பெண்ணென்ன? மனசுதான் முக்கியம். என்னால் முடியும்" என்றேன், மண்டபத்தில் சொல்லிக்கொடுத்த அதே ஏற்ற இறக்கத்தில். டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "இதுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார்.

மறுநாள் இருட்டில் பதினாறு பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் சேலைக்கும் சுடிதாருக்கும் மேலே முழுக்கை ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார்கள். சட்டை மட்டும் போட்டிருந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் ஏதோ குறையாக வந்துவிட்ட மாதிரி இருந்தது. எதிரே என் வயதுப் பெண் ஒருத்தி. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தவள், கல்யாணமாகிக் கைக்குழந்தையும் உண்டு என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவளுடைய வாய்தான்.

"என்னக்கா, இன்னைக்கு மாப்பிள்ளை பாக்கவா போறோம்?" என்றாள் பக்கத்தில் இருந்த பெரியம்மாவிடம்.

"அம்மாவுக்கு முடியல. அவுக எடத்துக்கு வந்திருக்கேன்" என்றேன்.

"உங்க அம்மா கால மடக்கி ஒடுங்கி உக்காருவாக. நீங்க மலையவே குத்தகைக்கு எடுத்த மாதிரி உக்காந்திருக்கீங்க."

முதல் வளைவில் ஒடுங்கினேன். அதற்கடுத்த வளைவுகளில் இன்னும் ஒடுங்கினேன். தோட்டம் வந்து சேரும்போது நான் ஏறத்தாழ மடித்துவைக்கிற பதத்தில் இருந்தேன்.

ஏலச் செடி ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து நிற்கும். காய் மட்டும் தரையோடு படர்ந்த சரங்களில் கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, சரத்தைத் தூக்கிப் பார்த்து, விளைந்த காயை மட்டும் கிள்ளி, இடுப்பில் கட்டிய பையில் போடவேண்டும். பிஞ்சையும் பூவையும் தொடக் கூடாது. அவை அடுத்த சுற்றுக்கும் அதற்கடுத்த சுற்றுக்கும். இதையெல்லாம் அந்தப் பெரியம்மா என்னிடம் சொல்லத்தான் வந்தார். "தெரியும்மா, தெரியும்" என்று சொல்லிவிட்டேன். பெரிதாக நினை, பாதியில் நிறுத்தாதே, கண்ணில் பட்ட வாய்ப்பு எதையும் விடாதே என்று மண்டபத்தில் சொன்னது என் காதிலேயே இருந்தது. கண்ணில் பட்ட எதையும் விடவில்லை. சரம் சரமாக உருவினேன். இடுப்பு ஒடிந்தது, அட்டைகள் காலில் ஏறி விருந்து சாப்பிட்டன. ஆனால் எல்லோருக்கும் முன்னால் என் பைதான் நிறைந்தது. தலைமுறை தலைமுறையாகக் காய் எடுப்பவர்களை ஒரே காலையில் ஜெயித்துவிட்டேனே என்று அவர்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்படக்கூடச் செய்தேன்.

மலையாளத்துச் சூப்பர்வைசர் என் பையை வாங்கிச் சாக்கில் கவிழ்த்தார். பார்த்தார். குனிந்து கையால் கிளறிப் பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்தது கோபமல்ல, துக்கம்.

"எந்தாடா இது? அடுத்த மாசத்தெ காயும் இவன் இன்னே பறிச்சல்லோ!"

பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பிசிக்ஸ்காரி ஒரு பூவை எடுத்துக் காட்டி, "இது தை மாசத்துக் காய். பேச்சாளரு முன்கூட்டியே எடுத்துட்டாக" என்றாள். நான் ஜீப்பில் வரும்போதே இரண்டு வளைவுக்கு ஒரு தடவை எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருந்ததால் அந்தப் பட்டம் அதற்குள் எனக்குக் கிடைத்திருந்தது. தோட்டம் முழுக்கச் சிரிப்பு. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, "இவன் நாளெ வரண்டா. வீட்டில் வேற பெண்ணில்லே? அவளெ விடு" என்றார்.

மலையாளம் தெரியாத மாதிரி நின்றேன். நாளைக்கு நான் வரவேண்டாம், தங்கச்சியை அனுப்பவேண்டும் என்பது நன்றாகவே புரிந்தது.

வீட்டுக்கு வந்து, "பிரமாதம்" என்று அம்மாவிடம் சொன்னேன். பொய்யில்லை. பிரமாதமாகத்தான் கெட்டிருந்தது. தங்கச்சி ஒன்றும் கேட்காமல் என் விரல்களில் ஏறியிருந்த கறையையும், நகக்கண்ணையும், நான் உட்கார முடியாமல் சுவரோடு சாய்ந்து நின்றதையும் பார்த்தாள். டிரைவர் சொல்லிவிட்டாரோ என்னவோ.

"நான் போறேன்ணே. ஒரு வருசம்தான" என்றாள்.

நான் ஆரம்பித்தேன். மனிதனின் எல்லை அவன் மனம் போட்டுக்கொள்ளும் வேலி என்றேன். விழுவது தவறில்லை என்றேன். சிலந்தியில் தொடங்கி எறும்புக்கு வந்து, யானைக்குப் போகும் வழியில் அவள் கையை உயர்த்தினாள்.

"நீ முடிச்சேன்னா நான் ரெக்கார்டு நோட்டு எழுதணும்."

மறுநாள் டிரைவர் என் தெருவுக்கு வருவதற்கு முன்னாலேயே முந்தின தெருவுக்கு நடந்துபோய், ஜீப்பில் ஏறி, அம்மாவின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டேன். இதற்கு எந்த வகுப்பிலும் பயிற்சி கொடுக்கவில்லை. டிரைவர் பின்பக்கமாக வந்து டார்ச் அடித்தார்.

"எறங்குப்பா. நேத்தே சொல்லியாச்சு. உன் தங்கச்சிய வரச் சொல்லு, எடம் உங்களுக்குத்தான்."

"அவளுக்குக் கடைசி வருசம்ணே."

"அதுக்கு நான் என்ன செய்ய? சூப்பர்வைசர் என்னையத்தான புடிப்பாரு."

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சிலந்தி, எறும்பு எல்லாம் எங்கோ ஓடிவிட்டன. அப்போது பிசிக்ஸ்காரி வாய் திறந்தாள்.

"அண்ணே, இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் அக்காவுக்கும் நடுவுல நிப்பாட்டிக்கிறோம். நாங்க தொட்டுக் காட்டுற காய மட்டும் கிள்ளட்டும்."

"எதுக்கும்மா உனக்கு இந்த வம்பு?"

"நேத்து ஒருநாத்தான் யாரும் மூட்டு வலிக்குது, முழங்கை வலிக்குதுன்னு பொலம்பாம வேல பாத்தாக. இவரு சொமந்துகிட்டு வந்த தை மாசத்துக் காய நெனச்சு நெனச்சுச் சிரிச்சதுல நேரம் போனதே தெரியல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. மொகத்த அப்பிடி வச்சுக்கிராதீங்க. இங்கன உக்காந்திருக்கிறவுகள்ல பாதிப்பேரு இன்னொருத்தவுக எடத்துலதான் உக்காந்திருக்கோம். நான் எங்க மாமியா எடத்துல. அந்தா, அந்தப் புள்ள அவுக அக்கா எடத்துல. இவளும் நர்சிங் படிச்சவதான். நீங்க ஒருத்தருதான் தியாகி கணக்கா வாரீக."

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மூலைக்கு மூலை என் வயசுப் பெண்கள். அந்தக் காய்ச்சல் ஊரின் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டதும், அந்த முழங்கால்களுக்குப் பதிலாகப் போனவர்கள் இவர்கள். யாரும் கண்ணாடியைப் பார்த்து எதுவும் சொல்லிக்கொண்டு வந்த மாதிரி தெரியவில்லை. ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளின் தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் டார்ச்சை அணைத்தார். "பிஞ்சு ஒண்ணு வந்தாலும் உன்னைய மெட்டுலயே எறக்கி விட்டுருவேன்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த வேலை நியமன உத்தரவு.

நிபந்தனைகள் இருந்தன. இறக்கத்தில் எல்லோருடைய தூக்குவாளிகளையும் நான்தான் சுமக்கவேண்டும். ஜீப் சேற்றில் மாட்டினால் தள்ளுவது நான். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் தன்னம்பிக்கை போடவேண்டும். பாட்டுப் போடச் சொல்கிற மாதிரியே கேட்பார்கள்: "பேச்சாளரே, ஒரு தன்னம்பிக்கை போடுங்க."

மானத்தைப் பார்த்தால் இடம் போய்விடும். ஆகவே போட்டேன்.

"எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. அஞ்சு வருசத்துக்கு அப்பறம் நீங்க எங்கன இருக்கீங்கன்னு பாருங்க."

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"தம்பி, இங்கனதான் இருக்கேன்" என்றார் பெரியம்மா.

"நல்லாப் பாருங்க பெரியம்மா."

"நல்லாத்தான் பாக்குறேன். உன்னையும் காணோம், சூப்பர்வைசரையும் காணோம். நிம்மதியா இருக்கு."

"பேச்சாளரே, என் கால்ல அட்டை ஏறுது. கண்ணத் தொறக்கலாமா, இல்ல அஞ்சு வருசம் கழிச்சுத் தொறக்கவா?" என்றாள் நர்சிங் படித்தவள்.

தேனி மண்டபத்தில் முன்னூறு பேர் கைதட்டிய அதே வசனங்கள். இங்கே ஒவ்வொன்றும் மூக்கு உடைந்து என்னிடமே திரும்பி வந்தது. ஆனாலும் மறுநாள் மறுபடி கேட்டார்கள். காய் எடுக்கவும் ஒருவழியாகக் கை படிந்தது. மார்கழிக்குள் எனக்குப் பிஞ்சுக்கும் காய்க்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. பி.காம். பாக்கி பேப்பர்களில் எனக்கு இவ்வளவு தெளிவு வந்ததே இல்லை.

பிசிக்ஸ்காரி அரசாங்கப் பரீட்சை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் ஜீப் உறுமும் சத்தத்திலும் கேள்வித்தாள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வருவாள். ஒரு பரீட்சைக்கு முடிவு வந்த மறுநாள், மொத்த ஜீப்பும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஆறுதல் உரை ஒன்றைத் தயார் செய்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"என்ன ஆச்சு?"

"போச்சு. இன்னைக்கு உங்க வீட்டுல என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு."

"நேத்தும் அதுதான?" என்று அலுத்துக்கொண்டு, பையிலிருந்து அடுத்த பரீட்சைக்கான புத்தகத்தை எடுத்தாள். என் உரை தொண்டையிலேயே நின்றது. அதற்குப் பிறகு அது யாருக்கும் தேவைப்படவில்லை.

காய் எடுப்பு முடிந்தது. கோடையில் களையெடுப்பு, சருகு வாருவது என்று கிடைத்த வேலைக்கெல்லாம் அந்த மூலையை விடாமல் உட்கார்ந்து போனேன். தங்கச்சி ஒருநாள்கூட விடாமல் காலேஜுக்குப் போனாள். பரீட்சை எழுதினாள். முதல் வகுப்பு. அன்றைக்குத் தெருவில் என் நடையே வேறு. அம்மாவின் முழங்கால் மட்டும் பழையபடி மடங்கவே இல்லை. நடமாடினாள், சமைத்தாள், குத்தவைக்க முடியவில்லை. பரவாயில்லை, இடத்துக்கு நான் இருக்கிறேனே. டிகிரியை வைத்துக்கொண்டு தங்கச்சி தேனியில் ஏதாவது ஒரு ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள். இப்படி ஒரு படத்தை நான் மனதுக்குள் மாட்டிவைத்திருந்தேன். அவள் தேனிக்கும் போடிக்கும் பெரியகுளத்துக்குமாக விண்ணப்பத்தோடு அலைந்து வந்தாள். எல்லா இடத்திலும் மின்விசிறிக்குக் கீழே ஏற்கெனவே ஆள் இருந்தார்கள்.

அடுத்த எடுப்பு தொடங்கிய வாரம். இருட்டோடு ஜீப் வந்தது. ஏறப்போனேன். என் மூலைக்கு அடுத்து, திருப்பூருக்குப் போய்விட்ட ஓர் அக்காவின் இடத்தில், தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். சுடிதாருக்கு மேலே என்னுடைய முழுக்கைச் சட்டை. மடியில் தூக்குவாளி. அவளும் முந்தின தெருவுக்கே போய் ஏறியிருக்கிறாள்.

"எறங்கு" என்றேன்.

"ஏன்?"

"நீ டிகிரி முடிச்ச புள்ள."

"அப்ப நாங்கள்லாம் கைநாட்டா?" என்றாள் பிசிக்ஸ்காரி.

ஜீப் சிரித்தது. டிரைவர் முன்னாலிருந்து, "அது நேத்தே வந்து எடம் கேட்டுக்கிருச்சுப்பா. பி.எட். சேரணுமாம், ஒரு எடுப்பு போதுமாம். ஏறு, நேரமாச்சு" என்றார். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

ஏறி உட்கார்ந்தேன். ஜீப் வளைவுகளில் ஏறத் தொடங்கியது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு விளக்குகளோடு சாய்ந்து சாய்ந்து தெரிந்தது. எந்த இடத்தில் இவள் உட்காரக் கூடாது என்று ஒரு வருஷம் அட்டைக்கு ரத்தம் கொடுத்தேனோ, அதற்குப் பக்கத்து இடத்தில் அவள் என் சட்டையையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்த்தேன். அண்ணன் என்று ஒருவன் இருந்து இதற்குக்கூட உதவவில்லை என்றால் எப்படி?

"இங்க பாரு" என்று மெல்ல ஆரம்பித்தேன். "இது ஒரு முடிவு இல்ல. நீ மனசத் தளரவிட்றக் கூடாது. படிச்சது எதுவும் வீணாப் போகாது. இன்னைக்கு இந்த ஜீப்புல உக்காந்திருக்கோமேன்னு நீ கலங்குனேன்னா..." இந்த இடத்தில் எனக்கே குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தேன். "கலங்காத. நான் இருக்கேன். நம்பிக்கைங்கிறது என்ன தெரியுமா?"

தங்கச்சி வெளியே பார்த்துக்கொண்டிருந்த முகத்தைத் திருப்பி, என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"தள்ளி உக்காருண்ணே."